கல்லின் வயதும் காபன் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

"காபன்-14 கணிப்பு பிழைக்கும், ஆகவே பூமிக்கு வயது ஆறாயிரம்தான்" என்ற வாதம் மலையகத் திருச்சபைகளில் அடிக்கடி காதில் விழுகிறது. காபன்-14 என்பது உயிரினங்கள் உள்வாங்கும் கதிரியக்கக் காபன். அதன் அரைவாழ்வுக்காலம், அதாவது பாதி சிதைய எடுக்கும் காலம், 5,730 ஆண்டுகள். சுமார் 50,000 ஆண்டுகளுக்குப் பின் அளக்கும்படி எதுவும் எஞ்சாது. மரம், எலும்பு, கரி போன்றவற்றுக்கே அது உதவும். அதைக்கொண்டு பாறையை அளப்பது, கொழுந்து நிறுக்கும் தராசில் லொறியை ஏற்றுவது போன்றது.

பாறையின் வயதைக் கணிக்க உரியது சிர்க்கோன் மணி, அதாவது பாறைக்குள் இருக்கும் சிறு கனிமப் படிகம். உருவாகும்போது அது யுரேனியத்தை ஏற்கும். ஈயத்தை ஏறக்குறைய முற்றாக ஒதுக்கும். எனவே பிற்பாடு காணும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்ததே. ஈயம் கசிந்தால்? வயது குறைவாகத் தெரியும், கூடுதலாக அல்ல. யுரேனியத்தின் இரு வகைகள் வெவ்வேறு வேகத்தில் ஈயமாகச் சிதைகின்றன: யுரேனியம்-238க்கு அரைவாழ்வு 447 கோடி ஆண்டுகள், யுரேனியம்-235க்கு 70 கோடி. இவ்விரு கடிகாரங்களும் முரண்பட்டால் கசிவு அம்பலமாகிவிடும். இம்முறைப்படி, நம் மலைப்பாறைகள் கடும் வெப்பத்தில் உருமாறியது ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்.

இதனால் படைத்தவர் இல்லையென்று ஆகாது. விவிலியத்தின் ஆதியாகமத்தில் சூரியன் நான்காம் நாளில்தான் வருகிறது. அந்நாட்கள் எத்தகையவை என்று பழங்காலத் திருச்சபை அறிஞர் புனித அகுஸ்தீனார் அன்றே தலையைப் பிய்த்துக்கொண்டார். உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004இல் என்பதும் வேதவசனமல்ல, 1650இல் பேராயர் அஷர் கூட்டிய கணக்கு. விரியும் அண்டத்தை 1927இல் முன்வைத்த லெமேத்ர் கத்தோலிக்கக் குருவானவர். தம் கோட்பாட்டை விசுவாசத்துக்கு முட்டுக்கொடுக்க அவரே விரும்பவில்லை.

ஞாயிறு பாடசாலைகளில் காபனை விட்டுவிட்டு சிர்க்கோனைப் பேசட்டும்.

இப்படிக்கு,
வாசகர்கள் இருவர்,
ஹட்டன்