இருட்டில் படம் எடுப்பவர் எங்கே நிற்கிறார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரவில் வெளியிடங்களில் புகைப்படம் எடுப்பது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) எவ்வளவு வைப்பது, ஷட்டரை (வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு) எத்தனை விநாடி திறந்து வைப்பது எல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் அதைப் படித்துவிட்டு முதல்முறையாக ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற பிள்ளைகள் இருட்டில் எங்கே, எப்படி நிற்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லையே, அது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

என்னைக் கேட்டால் முதல் ஆபத்தே கேமராவின் திரைதான். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். படம் எப்படி வந்திருக்கிறது என்று பளிச்சென்று எரிகிற திரையைக் குனிந்து பார்த்தால் போதும், பழகியதெல்லாம் போய்விடும். அப்படியே நிமிர்ந்து, இன்னும் கொஞ்சம் வானம் கிடைக்குமே என்று ஓரடி பின்னால் வைக்கும்போது பாறை எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் திரை வெளிச்சத்தை முடிந்தவரை குறைத்துவிடுங்கள், இடத்தைப் பகலிலேயே ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். சிவப்பு விளக்கு கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது, கேமரா பொத்தான்களைத் தேட அது போதும். நடப்பதற்கு மட்டும் வெள்ளை டார்ச்தான், காலடியில் பாம்பு கிடந்தால் மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது. பையைத் தரையில் திறந்துபோடவும் வேண்டாம்.

அப்புறம் சாலை. வண்டி விளக்குகள் நீளக் கோடுகளாக விழும் படத்துக்கு எல்லோருக்கும் ஆசைதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார், ஷட்டர் திறந்திருக்கும் 30 விநாடிக்குள் 650 மீட்டருக்கு மேல் வந்துவிடும். பொத்தானை அழுத்தும்போது பார்வையிலேயே இல்லாத வண்டி, படம் முடிவதற்குள் உங்கள் பக்கத்தில் இருக்கும், நீங்களோ கறுப்புச் சட்டையில் சாலையோரம் குனிந்து நிற்பீர்கள். வெளிச்சம் பட்டால் மின்னுகிற ஜாக்கெட் போட்டுக்கொண்டு, சாலையோரத் தடுப்புக்கு வெளியே, வண்டிகள் வராத பக்கம் நின்று எடுங்கள். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் கேமராவுக்கு நம் உதவி எதுவும் தேவையில்லை, அந்த நேரத்தில் சுற்றிலும் பாருங்கள். தண்டவாளத்தில் இறங்கும் பேச்சே வேண்டாம்.

மின்னலைப் படம் பிடிக்கப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இடிச்சத்தம் காதில் விழுகிறது என்றாலே மின்னல் உங்களை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறீர்கள். வெட்டவெளியில் ட்ரைபாடைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் கட்டடத்துக்குள்ளோ, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு காருக்குள்ளோ போய்விடுங்கள்.

துணைக்கு ஒருவர் வந்தால் ரொம்ப நல்லது. யாரும் வரவில்லை என்றால், எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், வராவிட்டால் எப்போது தேட ஆரம்பிக்க வேண்டும் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். கேமராவுக்கு மாற்று பேட்டரி எடுத்துவைக்கும்போதே போனிலும் முழு சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்