என்ஜினைப் பிரிக்கும் முன் ரீடிங்கை எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கார் என்ஜினின் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்ப்பது பட்டறை வேலை, வீட்டில் கை வைக்க வேண்டாம் என்று தங்கள் வாகனப் பக்கத்தில் வாசகர் ஒருவருக்குப் பதில் சொல்லியிருந்தீர்கள். டீசல் வண்டி என்றால் சரி. பெட்ரோல் வண்டிக்காரரை அப்படிப் பயமுறுத்த வேண்டியதில்லை என்பது என் கருத்து.

நான் பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். தண்ணீரை எவ்வளவு உயரம் ஏற்றுகிறது (ஹெட்), எவ்வளவு தள்ளுகிறது (டிஸ்சார்ஜ்) என்று கேஜைப் பார்த்து எழுதாமல் ஒரு பம்ப் கூட எங்கள் கேட்டைத் தாண்டாது. "நல்லாத்தானுங்க இறைக்குது" என்றால் சூப்பர்வைசர் முறைப்பார். கார் பட்டறைகளில் மட்டும் இன்னும் கட்டைவிரல் கணக்குதான் நடக்கிறது.

என்னுடையது கேஸ் மாட்டிய பழைய மாருதி 800. பிக்கப் குறைந்து, ஐடிலில் உதற ஆரம்பித்ததால் ஒரு பட்டறையில் காட்டினேன். ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார்கள். பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் விரலை வைத்து செல்ஃப் அடித்தார்கள். "கம்ப்ரஷன் இல்லீங்ண்ணா, ரீபோர் பண்ணிப் போடோணுங்க" என்றார்கள். ரீபோர் என்றால் சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து பெரிதாக்குவது. எந்த சிலிண்டரில், சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு அழுத்தம் என்று கேட்டேன். எஸ்டிமேட்தான் வந்தது. விரலை வைத்தால் காற்று தள்ளுகிறதா இல்லையா என்று தெரியும். 150-க்கும் 110-க்கும் உள்ள வித்தியாசம் எந்த விரலுக்குத் தெரியும்?

நஞ்சப்பா ரோட்டில் ஒரு கம்ப்ரஷன் கேஜ் வாங்கினேன். ரப்பர் கூம்பைக் கையால் அழுத்திப் பிடிக்கும் வகையும் உண்டு, அதில் ஓரத்தில் காற்று கசியும். பிளக் மரையில் திருகி மாட்டும் வகையே நல்லது. வண்டியைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கி, பிளக்கைத் தொடலாம் என்ற அளவுக்கு ஆற விட்டேன். பிளக் மாட்டியிருக்கும் என்ஜினின் மேல்பகுதி (ஹெட்) அலுமினியம், கொதிக்கக் கொதிக்கக் கழற்றினால் மரை போய்விடும். கேஸ் உருளையின் வால்வை மூடினேன். பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கி, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் இணைப்பையும் கழற்றினேன். இந்த இடத்தில் சோம்பல் கூடாது. திறந்த ஓட்டையில் இருந்து எரிபொருள் ஆவி வரும்போது பக்கத்தில் பொறி பறந்தால் தீப்பிடிக்கும். அப்புறம் மூன்று பிளக்கையும் கழற்றியாயிற்று. நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கல்லூரியில் படிக்கும் பேரனை உள்ளே உட்கார வைத்தேன். அவன் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடிக்க, முள் ஏறி நிற்கும்வரை பார்த்து எழுதினேன். ஆக்சிலேட்டரை மிதிக்காவிட்டால் போதுமான காற்று உள்ளே போகாது, நல்ல என்ஜினும் நோயாளி போலக் காட்டும். பேட்டரி இறங்கியிருந்தாலும் அதே கதைதான்.

முதல் சிலிண்டர் 155, இரண்டாவது 150, மூன்றாவது 95. மூன்றாவதில் மட்டும் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கோ சிலிண்டர் சுவரோ (போர்) தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடுக்கை அடைத்து முள் நன்றாக ஏற வேண்டும். 100-ஐத் தாண்டவில்லை. அப்படியானால் காற்று மேலே, வால்வு வழியாகவோ ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கெட் வழியாகவோ போகிறது. ரீபோர் எதற்கு?

சூலூரில் தெரிந்த மெக்கானிக்கிடம் அந்தக் காகிதத்தை நீட்டினேன். அவர் முதலில் திறந்தது, வால்வைத் தள்ளும் டேப்பட்டுக்கு மேலே உள்ள மூடியைத்தான். மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வுக்கும் டேப்பட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியே இல்லை, அதை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் நுழையவில்லை. கேஸில் ஓடும் பழைய வண்டிகளில் வால்வு உட்காரும் சீட் தேய்ந்து வால்வு மேலே ஏறிக்கொள்ளும். இடைவெளி போய், வால்வு முழுதாக மூடாது. டேப்பட் இடைவெளியைச் சரியாக வைத்த பிறகு மூன்றாவது 140 காட்டியது. அப்படியே ஓட்டியிருந்தால் வால்வு கருகி ஹெட்டை இறக்க வேண்டி வந்திருக்கும்.

மலிவான கேஜ் பொய் சொல்லும் என்பார்கள். சொல்லட்டும். மூன்று சிலிண்டருக்கும் ஒரே பொய்யைத்தான் சொல்லும், எனவே ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசம் நிஜம். தனி எண்ணை மட்டும் நம்பக் கூடாது. அந்தந்த வண்டிக்கு கம்பெனி மேனுவல் சொல்வதே கணக்கு. ஊட்டியில் வைத்துப் பார்த்தால் அதே என்ஜின் கோவையைவிடக் குறைவாகத்தான் காட்டும், அங்கே காற்று மெலிது.

பட்டறைக்கென்றே உள்ள வேலையும் உண்டு. பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, கம்ப்ரஸரில் இருந்து காற்றை உள்ளே விட்டு, எங்கே கசிகிறது என்று கேட்பது அவர்களால்தான் முடியும். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் பெரும்பாலும் கேஸ்கெட். டீசல் என்ஜினோ 400 பவுண்டு, அதற்கு மேலும் காட்டும். பெட்ரோல் கேஜை அதில் மாட்டினால் கேஜ் போய்விடும். ஆயில் விட்டுப் பார்க்கும் வேலையும் டீசலில் வேண்டவே வேண்டாம், அந்த ஆயிலே உள்ளே பற்றிக்கொள்ளலாம்.

ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படிக்கும் பையன்களுக்குக் கம்ப்ரஷன் டெஸ்ட் பாடத்திலேயே இருக்கிறது. என்ஜினைப் பிரிக்கச் சொல்லும் எந்தப் பட்டறையும் ஒவ்வொரு சிலிண்டரின் ரீடிங்கையும், ஆயில் விட்டபின் வந்த ரீடிங்கையும் எஸ்டிமேட்டிலேயே எழுதித் தரட்டும்; வேலை முடிந்தபின் வந்ததை பில்லில் எழுதட்டும். பெரிய வேலை ஒன்றும் இல்லை. தங்கள் பக்கத்துக்கு "பிக்கப் இல்லை, என்ஜின் போய்விட்டதா?" என்று எழுதும் வாசகர்களிடமும், பதில் சொல்லும் முன் இந்த எண்களைக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பம்ப் டெஸ்டிங் பணியாளர்,
சூலூர், கோவை மாவட்டம்.