வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25 (தருமபுரி)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, இளைய வாசகர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. மழையால் ஐப்பசிக் கூட்டம் மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் தனியே தாக்கல் செய்வார். இவ்வாண்டு நம் வட்டத்தில் அதிகப் பேச்சையும் ஓரளவு மனக்கசப்பையும் கிளப்பிய ஒன்றைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். இளையோர் பிரிவு எடுத்துக்கொண்ட, ஐரோப்பிய நாட்டார் மரபின் மாய இனத்தாரான ஃபேரிகளைப் பற்றிய கதைகளே அது.

பதின்ம வயதினருக்கான இருண்ட மிகுபுனைவு அவர்கள் கேட்டு வாங்கிய பாடம். செல்பேசியும் பஸ்ஸும் உள்ள இன்றைய ஊர்களில், மனிதர்களுக்கு நடுவே, மனித முகத்தோடு ஃபேரிகள் குடியிருக்கும் கதைகள் இவை. இறகு முளைத்த அழகுச் சிறுமிகளை எதிர்பார்த்த பெற்றோர் சிலர் திடுக்கிட்டுப் போனார்கள். இந்த ஃபேரிகள் பொய் சொல்ல மாட்டார்கள். உண்மையை வைத்தே ஆளைக் கவிழ்ப்பார்கள். அவர்கள் கையால் உண்டவர் வீடு திரும்புவதில்லை. தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தங்கள் இனத்து நோஞ்சானைக் கிடத்திவிட்டுப் போவார்கள். ஸ்காட்லாந்தின் பழைய பாட்டு மரபில், ஏழாண்டுக்கு ஒருமுறை நரகத்துக்குக் கப்பம் கட்டுகிறவர்கள் அவர்கள். மனித உயிரையே கப்பமாகக் கொடுத்துவிடுவார்களோ என்று அங்கே சிக்கியவன் அஞ்சுவான்.

வழக்கமாக நமக்கு இடம் தந்துவந்த பள்ளி ஒன்று, பிள்ளைகளுக்குப் பேய்க்கதை சொல்லிக் கெடுக்கிறீர்கள் என்று சொல்லி அரங்கைத் தர மறுத்துவிட்டது. அதன்பின் ஓர் உறுப்பினர் வீட்டு மொட்டை மாடியில் கூடினோம். இடம் தந்த அந்தக் குடும்பத்துக்கு நன்றி.

இந்தக் கதைகள் நமக்கு அந்நியம் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. அயர்லாந்தில் ஃபேரிகளின் குடியிருப்பு என்று மக்கள் நம்பியவை பழங்கால ஈமமேடுகளும் வட்ட மண்கோட்டைகளும்தான். நம் பக்கத்திலும் பலகைக் கற்களால் எழுப்பிய ஈமச்சின்னங்களான பெருங்கற்காலக் கல்திட்டைகளைக் குள்ளர் குகை என்றும் பாண்டவர் வீடு என்றும் சொல்கிறோம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்துக்கு இளையோரை அழைத்துச் சென்றோம். கல்திட்டையின் பக்கக் கல்லில் உள்ள வட்டத் துளையான இடுதுளைக்குள் கைவிட்டுப் பார்க்க முதலில் ஒருவரும் முன்வரவில்லை. மதியம் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தபோது, அந்தக் கற்களின் முன்னால் சாப்பிட மாட்டேன் என்று ஒரு பெண் எழுந்து தள்ளிப்போனார். உடன் வந்த மூத்த உறுப்பினர் அவரைக் கேலி செய்யவில்லை. உச்சிவேளையில் கறிச்சோறு கொண்டுபோனால் பாத்திரத்தில் கரித்துண்டோ இரும்பாணியோ போட்டு அனுப்பிய தம் பாட்டியைப் பற்றிச் சொன்னார்.

அந்த இரும்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபேரிகள் அஞ்சுவது இரும்புக்குத்தான். நம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் சட்டப்பேரவையிலேயே அறிவிக்கப்பட்டது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இரும்போடு புழங்கிய மண்ணில், இரும்பு தீண்டாத ஓர் இனம் எங்கே ஒதுங்கிப் பிழைத்திருக்கும் என்று பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டார். மாலை முழுவதும் பேச்சு அதிலேயே போயிற்று.

ஆண்டின் மிகக் கனமான கூட்டம் பிரிட்ஜெட் கிளியரியைப் பற்றியது. அயர்லாந்தின் டிப்பரரி பகுதியில் தையல் வேலை செய்து சொந்தமாகச் சம்பாதித்த பெண் அவர். 1895 மார்ச்சில் நோயில் விழுந்தார். இவள் என் மனைவி அல்ல, ஃபேரிகள் மாற்றி வைத்துவிட்டுப் போனவள் என்று சொல்லிக் கணவர் அவரை எரித்துக் கொன்றார். பிறகு கத்தியோடு ஃபேரிக் கோட்டையருகே காத்திருந்தார். உண்மையான பிரிட்ஜெட் வெள்ளைக் குதிரையில் வருவார், குதிரையோடு பிணைத்த கட்டுகளை அறுத்து மீட்டுவிடலாம் என்று. நீதிமன்றம் அவருக்கு 20 ஆண்டுத் தண்டனை விதித்தது. பேய் பிடித்தது என்று சொல்லிப் பெண்ணை அடிப்பதை நேரில் பார்த்த பிள்ளைகள் நம் மாடியில் இருந்தார்கள். அவர்கள் பேசியதைக் கேட்ட எவரும், இருண்ட கதை இளையோருக்கு ஆகாது என்று இனிச் சொல்லமாட்டார்கள்.

எழுத்துப் பயிற்சியில் வந்த கதைகளில் பல பழையதைத் திருப்பிச் சொன்னவையே. பிளஸ் டூ மாணவி ஒருவரின் கதை மட்டும் வேறு தரம். 1992-இல் சேலத்தில் தொடங்கி 2001-இல் நம் மாவட்டத்துக்கும் வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் அதற்கு அடிப்படை. பெண்ணாகப் பிறந்ததால் இரவில் தொட்டிலில் விடப்பட்ட குழந்தையை, விடிவதற்குள் கல்திட்டைக்காரர்கள் எடுத்துப்போய் வளர்க்கிறார்கள். பதினாறு வயதில் அவள் தாயைத் தேடி வருகிறாள். டவுன் பஸ்ஸில் கம்பியைத் தொட்டால் உள்ளங்கை வெந்துபோகும் என்பதால் துப்பட்டாவைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மறுநாளே உன்னைத் தேடி வந்தேன் என்கிறார் தாய். நம்புகிறேன் என்று சொல்ல மகள் வாயைத் திறக்கிறாள். பொய் சொல்ல முடியாத அந்த வாயிலிருந்து சொல் வரவில்லை. முடிவை மாற்றும்படி உறுப்பினர்கள் இருவர் கேட்டார்கள், மாணவி மறுத்துவிட்டார். அவர் செய்ததே சரி என்பது என் உறுதியான கருத்து. தாயும் மகளும் கட்டிப்பிடித்து அழுதிருந்தால் கதை செத்திருக்கும்.

வரும் ஆண்டில் இளையோர் கதைகளைச் சிறு தொகுப்பாக அச்சிட அனுமதி கோருகிறேன். தருமபுரி அகழ்வைப்பகத்தின் நடுகற்களைக் காட்டி, அவற்றிலிருந்து எழுதவைக்கும் திட்டமும் உள்ளது. கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்யவும் பிழை பார்க்கவும் ஆள் தேவை. முன்வருவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும். அறிக்கையை ஏற்றுத் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்