இரண்டாவது கியர் விழுகிறது

வேலூர்,
மே 21

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். நீ, தங்கச்சி, பிள்ளைகள் நலம்தானே? பொங்கல் வாழ்த்துக்குப் பதில் போடவில்லை, அப்புறம் மூன்று முறை நீ போன் செய்தும் எடுக்கவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். காரணம் இருக்கிறது, சொல்கிறேன். முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று நம் ஊரைச் சொல்வார்களே, அந்த வரிசையில் 'ரெண்டாவது கியர் இல்லாத கார்' என்று என் தம்பி ஒன்றைச் சேர்த்துவிட்டான். நம் வெள்ளை மாருதி 800தான். மொத்தமே நாலு கியர், அதிலும் ஒன்று போனால் என்ன மிச்சம்? மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். சத்துவாச்சாரியில் நடந்து போகிறவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். மெக்கானிக் ரஃபீக் பாய் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "ரிங் போச்சு சார். புதுப்பேட்டையில பழைய பாக்ஸ் கிடைக்கும், மாத்திடலாம்" என்றார். நானே பிரிக்கிறேன் என்றேன். நீ ஐஐடி என்று சொன்னபோது ஃபிசிக்ஸ் வாத்தியார் உன்னைப் பார்த்தாரே, அதே பார்வை பார்த்தார். ஆனால் பேரிங் கழற்றும் புல்லரும், பூட்டு வளையம் எடுக்கும் சர்க்ளிப் பிளையரும் கொடுத்து அனுப்பினார். அந்த மனசு யாருக்கு வரும்?

காட்பாடியில் காலை வண்டி பிடித்து சென்னைக்குப் போய், ஜி.பி. ரோட்டில் ஒரு கிட் வாங்கி வந்தேன். பேரிங்குகள், சிங்க்ரோ ரிங்குகள், ஆயில் சீல்கள், ஸ்பிரிங், சர்க்ளிப் எல்லாம் ஒரே அட்டைப் பெட்டிக்குள். பெட்டி அழகாகத்தான் இருந்தது.

இறக்குவது ஒரு நாள் வேலை. பேட்டரி, ஸ்டார்ட்டர், கிளட்ச் கேபிள், இரண்டு பக்க ஆக்சில் எல்லாவற்றையும் கழற்றி, தம்பியும் நானும் காருக்கு அடியில் படுத்து பாக்ஸை நெஞ்சில் வாங்கினோம். கியர் ஆயிலை வடித்தால் ஒரே மினுமினுப்பு. தங்கத் தூள் கரைத்தது போல. வனஜா எட்டிப் பார்த்து "அழகா இருக்கே" என்றாள். அத்தனையும் ரிங்கிலிருந்து உதிர்ந்த பித்தளை.

இந்த சிங்க்ரோ ரிங்கைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும், இரண்டு வாரமாக வேறு நினைப்பே இல்லை. வண்டி ஓடும்போது கியர் ஒரு வேகத்தில் சுற்றும், அது மாட்டிக்கொள்ள வேண்டிய ஷாஃப்ட் வேறு வேகத்தில் சுற்றும். நீ கியர் போட்டால், ஷாஃப்டோடு சுற்றும் ஸ்லீவ் என்ற நகரும் வளையம் நேராகப் போய்க் கியரின் பல்லில் விழாது. முதலில் இந்தப் பித்தளை வளையத்தைக் கியரின் கூம்பின் மேல் அழுத்தும். இரண்டும் உரசி உரசி ஒரே வேகத்துக்கு வரும்வரை ரிங் தன் பல்லைக் குறுக்கே வைத்து வழிமறித்து நிற்கும். வேகம் சமமானதும் தானே ஒதுங்கி வழி விடும். நாம் கியர் போடும் அந்த அரை நொடிக்குள் உள்ளே இப்படி ஒரு பஞ்சாயத்து! ரிங்கின் உட்பக்கம் நூல் நூலாக வரிகள் இருக்கும், அவை எண்ணெயை வழித்துத் தள்ள. வரி தேய்ந்தால் ரிங் வழுக்கும், கியரை ஒட்டிப் போய் உட்காரும். ரிங்குக்கும் கியருக்கும் நடுவில் ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு, விட்டுப் பார்க்க வேண்டும். புதிதில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கும், அரைக்குக் கீழே போனால் தூக்கி எறிய வேண்டியதுதான். என்னுடைய இரண்டாவது கியரில் 0.3 தகடே திணறித்தான் நுழைந்தது.

பழைய பில்லைத் தேடிப் பார்த்தேன். கடைசியாக ஆயில் மாற்றிய இடத்தில் ஜிஎல்-4 ரக ஆயில் ஊற்ற வேண்டிய பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றியிருக்கிறார்கள். அதில் கந்தகம், பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம். பின் ஆக்சிலுக்கு நல்லது, பித்தளைக்கு ஆகாது. 'உசத்தி ஆயில் சார்' என்று சொல்லிக் கூடவே காசும் வாங்கினார்கள்.

பழி முழுவதும் அவர்கள் மேல் போட முடியாது. ஸ்லீவை நகர்த்தும் கவை, அதாவது ஷிஃப்ட் ஃபோர்க், ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. கியர் ராடின் மேலேயே கையை வைத்துக்கொண்டு ஓட்டினால், ஃபோர்க் ஓயாமல் ஸ்லீவை அழுத்தித் தேயும். நமக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் என் மணிக்கட்டில் ஸ்கேலால் அடித்தது எதற்கென்று இப்போது தெரிகிறது. அவருடைய அம்பாசடரில் முதல் கியருக்கு சிங்க்ரோவே கிடையாது. கிளட்சை இரண்டு முறை மிதித்து டபுள் கிளட்ச் போடாமல் இறக்கினால் உனக்கும் ஒன்று விழும், பின்சீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் எனக்கும் ஒன்று விழும். ஃபோர்க்கைத் துடைத்து வைத்திருக்கிறேன், மாஸ்டர் வீட்டுக்கு எடுத்துப் போய்க் காட்டலாமா என்று யோசனை.

கிட்டில் வந்த ரிங்குகளைக் கூம்பில் வைத்துக் கையால் அழுத்தித் திருகினால், நல்ல ரிங் கப்பென்று கடிக்க வேண்டும். இரண்டு ரிங் வழுக்கிக்கொண்டு சுற்றின. திரும்பவும் காட்பாடி, திரும்பவும் ஜி.பி. ரோடு. கடைக்காரர், "ஓட ஓட செட் ஆயிடும் சார்" என்றார். செருப்பா அது, காலுக்கு ஏற்ப செட் ஆக? பக்கத்துக் கடையில் ஒரிஜினல் ரிங் இரண்டு தனியாக வாங்கினேன். பாதிக் கிட் விலை ஆயிற்று.

செருப்பு என்றதும் விஷயத்துக்கு வந்துவிட்டேன் பார். பாக்ஸைப் பிரிக்கும்போது ஒவ்வொரு பாகத்தையும் மண்ணெண்ணெயில் கழுவி, தனித்தனி டிரேயில் வைத்து, அட்டையில் பெயர், எண்ணிக்கை, எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று எழுதினேன். இருபது டிரே ஆன பிறகுதான் கவனித்தேன், நான் எழுதிக்கொண்டிருந்தது அச்சு அசல் எங்கள் ஷூ கம்பெனி ஸ்டோரின் இருப்பு அட்டை, பின் கார்டு. வரவு, செலவு, இருப்பு, கீழே என் கையெழுத்து.

ஜனவரி கடைசியில் கணக்கு முடித்துவிட்டார்கள், சேகர். ஆர்டர் இல்லையாம். ராணிப்பேட்டைக்கு 22 வருடம் பஸ் ஏறியிருக்கிறேன், ஒரு பூட்ஸ் கயிறு கணக்கில் குறைந்ததில்லை. நீ போன் செய்தால் முதல் கேள்வியே "வேலை எப்படிடா?" என்றுதான் வரும். உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் எடுக்கவில்லை. வனஜாவுக்குத் தெரியும். அம்மாவிடம் லீவு என்று சொல்லியிருக்கிறேன். நாலு மாதமாக டிபன் கேரியர் அலமாரியை விட்டு இறங்கவில்லை, அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

சரி, விடு. மாட்டியதைக் கேள். பேரிங்கைச் சூடாக்கினால் விரியும், ஷாஃப்டைக் குளிர வைத்தால் சுருங்கும். அதனால் ஷாஃப்ட் ராத்திரி முழுக்க ஃப்ரீசரில், ஐஸ் டிரேக்குப் பக்கத்தில். பேரிங் வடைச்சட்டியில், எண்ணெய் 100 டிகிரி தாண்டாமல். இந்த அக்னி நட்சத்திரத்துக்கு மொட்டை மாடியில் வைத்திருந்தாலே போதும் என்றாள் வனஜா. சட்டி போய்விட்டது, புதிது வாங்கிக் கொடுத்தாயிற்று. கியரை இடத்தில் நிறுத்தும் இரும்புக் குண்டு ஒன்று ஸ்பிரிங்கோடு தெறித்துப் பறந்தது. அரைநாள் தேடினோம். அம்மாதான் துளசித் தொட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள், "இது இல்லாம வண்டி ஓடுமாடா?" என்று கேட்டுக்கொண்டே. கேஸை மூட அனபாண்ட் பசை, அப்புறம் ஜிஎல்-4. இந்தத் தடவை நானே டப்பாவை இரண்டு முறை படித்துவிட்டு ஊற்றினேன்.

நேற்றுக் காலை கணியம்பாடி வரை போய் வந்தேன். மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு என்று வேண்டுமென்றே மாற்றிக்கொண்டு போனேன். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விழுகிறது. வீட்டு வாசலில் ரிவர்ஸ் போட்டபோது மட்டும் லேசாக 'கிர்க்' என்றது. "இன்னும் சத்தம் வருதே" என்றாள் வனஜா. ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது, வண்டி முழுக்க நின்ற பிறகு போட வேண்டும் என்று விளக்கினேன். நம்பவில்லை.

ஆடியில் வருகிறேன் என்றாயே, எந்த ரயில் என்று எழுது. காட்பாடிக்குக் காரோடு வருகிறேன். வரும்போது கோவையில் நல்ல சர்க்ளிப் பிளையர் ஒன்று வாங்கி வா. ரஃபீக் பாயுடையதை உடைத்துவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

உன்,
குமார்