புளியமரத்துக்கும் விமானத்துக்கும் ஒரே கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாராசூட் இல்லாமல் ஆகாயத்திலிருந்து விழுந்தும் உயிர் பிழைத்தவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை எங்கள் பக்கம் பலரும் விரும்பிப் படித்தார்கள். தகவல்கள் பெரும்பாலும் சரி. ஆனால் பத்திக்குப் பத்தி ‘அதிசயம்’, ‘ஆயுசு கெட்டி’ என்றே முடித்துவிட்டதால், சொல்லியிருக்க வேண்டிய கணக்கு விட்டுப்போயிற்று. தை பிறந்தால் புளி உலுக்க மரமேறும் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அந்தக் கணக்குதான் உதவும்.

விழுகிற உடலின் வேகம் ஏறிக்கொண்டே போவதில்லை. கீழிருந்து காற்று தடுக்கும். கைகால் விரித்துக் குப்புற விழும் ஒருவர், சுமார் 12 நொடியில், ஏறக்குறைய 450 மீட்டர் இறங்குவதற்குள் மணிக்கு 190 முதல் 200 கி.மீ. வேகத்தைத் தொட்டுவிடுவார். எத்தனை ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் அதற்கு மேல் வேகம் ஏறாது. 1943 ஜனவரியில் பிரான்சின் சான் நசேர் நகருக்கு மேலே சுமார் 6,700 மீட்டரிலிருந்து விழுந்த அமெரிக்க வீரர் ஆலன் மகீயும், 1944 மார்ச்சில் எரிகிற விமானத்திலிருந்து 5,500 மீட்டர் உயரத்தில் குதித்த ஆங்கிலேயர் நிக்கோலஸ் அல்கமேடும் கீழே வந்து சேர்ந்தது ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான். நீங்கள் உயர வரிசைப்படி போட்டிருந்த அட்டவணைக்கும் அவர்கள் பிழைத்ததற்கும் சம்பந்தமே இல்லை.

அந்த வேகம் எத்தனை தூரத்துக்குள் அடங்கியது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மகீ ரயில் நிலையத்தின் கண்ணாடிக் கூரையை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தார். பலத்த காயம், ஆனால் உயிர் தங்கியது. அல்கமேடைப் பைன் மரக்கிளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிக்கொண்டன. மிச்சத்தை அடியில் கிடந்த பனி வாங்கிக்கொண்டது. கால் சுளுக்கியதோடு சரி. பிடித்துக்கொண்டுபோன ஜெர்மானியர்களே முதலில் நம்பவில்லை. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் வரும் உடல் 1 மீட்டருக்குள் நின்றால் அதன் மேல் தன் எடையைப்போல் சுமார் 150 மடங்கு விசை ஏறும். 3 மீட்டரில் நின்றால் சுமார் 50 மடங்கு. 2016-இல் அமெரிக்க ஸ்கைடைவிங் வீரர் லூக் ஐக்கின்ஸ் 7,620 மீட்டரிலிருந்து வேண்டுமென்றே பாராசூட் இல்லாமல் குதித்து, 30 மீட்டருக்கு 30 மீட்டர் வலையில் இறங்கியதும் இதே கணக்கில்தான். வலை தொய்ந்து தொய்ந்து வேகத்தை வாங்கியது. கடைசி நொடியில் அவர் மல்லாந்து திரும்பியதும் காரணமாகத்தான்: முதுகு முழுக்கப் பரவலாக வாங்கினால் எந்த ஓரிடத்திலும் விசை குவியாது.

இன்னொரு திருத்தம். விமானப் பணிப்பெண் வெஸ்னா வூலோவிச் 1972-இல் 10,160 மீட்டரிலிருந்து ‘தனியாக விழுந்தார்’ என்று எழுதியிருந்தீர்கள். அவர் உடைந்த விமானத்தின் பின்பகுதிக்குள் உணவு வண்டியால் நெருக்குண்டு கிடந்தார். அந்தக் கூடு பனி மூடிய மரச்சரிவில் சறுக்கி நின்றது. 1971-இல் பெரு நாட்டுக் காட்டில் விழுந்த 17 வயது ஜூலியானே கோப்கே இருக்கை வரிசையோடு பெல்ட்டில் கட்டியபடியே வந்தார். இருவர் விஷயத்திலும் அடியில் பெரும்பகுதியை வேறு ஏதோ ஒன்று வாங்கியிருக்கிறது.

பிழைத்தவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு ஏமாற்றும் என்பதையும் சேர்த்திருக்கலாம். நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து சிகிச்சைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987-இல் ஓர் ஆய்வு வந்தது. சுமார் 90 விழுக்காடு பிழைத்தன. செத்த பூனையை யார் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போவார்கள்?

இனி நம்மூருக்கு வருகிறேன். காற்றின் தடை பெரிதாக இல்லாத சிறு உயரங்களுக்கு ஒரு சுலபமான வகுத்தல் உண்டு. விழுந்த உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்தால், உடம்பின் மேல் சராசரியாக எத்தனை மடங்கு எடை ஏறுகிறது என்பது கிடைக்கும். 20 அடிக் கிளையிலிருந்து விழுபவர் தரையைத் தொடும்போது மணிக்கு 39 கி.மீ. வேகம். பழம் பொறுக்கத் தோதாக மரத்தடியைக் களம்போலக் கூட்டிவைத்திருப்போம். அந்தக் கெட்டித் தரையில் உடம்பு 2 அங்குலத்தில் நின்றால் 120 மடங்கு, அதாவது 60 கிலோ ஆளின் மேல் 7 டன்னுக்கு மேல். அதே ஆள் தளர்வாகக் குவித்த வைக்கோலில் ஒன்றரை அடி அமிழ்ந்து நின்றால் சுமார் 13 மடங்கு. வைக்கோல் ஓரடிதான் என்றால் அது சட்டென்று நசுங்கிவிடும். அதற்குக் கீழே தரை தன் வேலையைக் காட்டும். ஈர மணல் மெத்தை அல்ல, தரையேதான். தரைக்கு ஓரடி மேலே இழுத்துக் கட்டிய வலையும் வீண்: தொய்வதற்கு இடம் வேண்டும்.

1942-இல் ஹியூ டிஹேவன் என்ற அமெரிக்கர், 50 முதல் 150 அடி வரை உயரத்திலிருந்து விழுந்து பிழைத்தவர்களை ஆராய்ந்து இந்த முடிவுக்குத்தான் வந்தார். இன்றைய வாகனப் பாதுகாப்பு ஆராய்ச்சி அங்கிருந்து கிளைத்தது. 1954-இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப் ராக்கெட் வண்டியில் வாரால் இறுகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து 46.2 மடங்கைத் தாங்கிக் காட்டினார். ஆனால் அது நெஞ்சுக்கும் முதுகுக்கும் குறுக்கான திசை. காலிலிருந்து தலைவாட்டில் ஏறும் விசையை முதுகெலும்பு அந்த அளவுக்குத் தாங்காது. விறைத்த காலோடு நிமிர்ந்து விழுபவருக்குக் குதிகால் எலும்பும், இடுப்புக்குச் சற்று மேலே முதுகெலும்பும் சேர்ந்து நொறுங்குவது அதனால்தான். குதிகால் உடைந்து வந்தவருக்கு முதுகையும் படம் எடுத்துப் பார்ப்பது மருத்துவர்களின் வழக்கம். குதிகால் வலிக்கிறது என்கிறவரை நேராக எலும்புக் கட்டு போடும் இடத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பத்து அடிக்குள் குதித்தே ஆகவேண்டிய நிலை வந்தால் பாராசூட் வீரர்கள் பழகும் முறை கைகொடுக்கும். இரு பாதமும் முழங்காலும் ஒட்டியிருக்க, முழங்காலைச் சற்றே மடக்கி, தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். முன்பாதம் தொட்டதும் கெண்டைக்கால், தொடையின் வெளிப்பக்கம், இடுப்பு, முதுகின் பக்கவாட்டு என்று வரிசையாக உருள வேண்டும். கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும்.

புளியங்கொம்பைப் பிடித்தவனுக்குக் கவலையில்லை என்பது நம் வழக்கு. பச்சைக் கொம்புக்கு அது பொருந்தும். பட்ட கொம்பு, பொந்து விழுந்த கவட்டை இவற்றில் முருங்கைக்கும் புளிக்கும் வித்தியாசம் கிடையாது. துரட்டிக்கு எட்டாத நுனியில் நின்று காலால் உலுக்கும்போது எங்கே விழுவோம் என்பது ஏறியவருக்கே தெரியாது. மரத்தடி முழுக்க வைக்கோல் பரப்ப முடியாது, பழம் பொறுக்குகிறவர்களும் விடமாட்டார்கள். கயிறுதான் வழி. அதில் நடக்கும் பிழைகளைச் சொல்கிறேன்.

இடுப்பில் மட்டும் கட்டும் கயிறு விழும்போது வயிற்றையும் முதுகெலும்பையும் வெட்டி இழுக்கும். தோள், நெஞ்சு, தொடை மூன்றையும் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸ் வாங்குங்கள், ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஓசூர்த் தொழிற்சாலைகளில் புழங்குவது அதுதான். ஷாக் அப்சார்பர் வைத்த கயிற்றில், இழுபடும்போது தையல் பிரிந்து நீளும் ஒரு பொட்டலம் இருக்கும். அது விசையைச் சுமார் 600 கிலோவுக்குள் அடக்கும். இங்கேதான் பலரும் ஏமாறுவது. கயிறு 2 மீட்டர், பொட்டலம் பிரியும் நீளம் 1.75 மீட்டர், ஹார்னஸில் கயிறு மாட்டும் வளையத்திலிருந்து பாதம்வரை 1.5 மீட்டர், கைக்காவலாகப் பாதத்துக்குக் கீழே விடும் இடம் 1 மீட்டர்: மொத்தம் 6.25 மீட்டர், அதாவது 20 அடிக்கு மேல். 15 அடிக் கிளையில் இதை மாட்டிக்கொண்டு விழுந்தால், கயிறு தன் வேலையைச் செய்து முடிப்பதற்குள் தரை வந்துவிடும். எனவே மரத்தில் குட்டைக் கயிறு போட வேண்டும். தலைக்கு மேலே, தொடைப் பருமனுள்ள பச்சைக் கிளையில் கட்ட வேண்டும். காலடியில் கட்டினால் கயிற்று நீளத்தைப்போல் இரு மடங்கு விழுவீர்கள். இரண்டு கயிறு வைத்துக்கொண்டு, ஒன்றை மாட்டிய பிறகே மற்றதை அவிழ்க்க வேண்டும். ஒருமுறை விழுந்த ஆளைத் தாங்கிய ஹார்னஸ், பார்க்கப் புதிதாகவே இருந்தாலும், குப்பைக்குத்தான். தொங்குபவரை நிமிடங்களில் இறக்கிவிட வேண்டும். அசையாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. ஏணியும் ஆளும் கீழே தயாராக இல்லாமல் ஏற வேண்டாம்.

தண்ணீர் பற்றிய உங்கள் பெட்டிச் செய்தி ஆபத்தானது. ‘தண்ணீரில் விழுந்தால் தப்பலாம்’ என்பதைப் படித்துவிட்டு ஒகேனக்கல் பாறையில் நிற்கும் பையன்களை நினைத்துப் பாருங்கள். 30 அடியிலிருந்து குதித்தால் மணிக்கு 48 கி.மீ. வேகம். தண்ணீர் அந்த நேரத்தில் விலகி வழிவிடாது. மல்லாந்தோ குப்புறவோ விழுந்தால் தரைபோலத்தான் அடிக்கும். 10 மீட்டர் மேடை உள்ள போட்டிக் குளங்களுக்கே 4.5 முதல் 5 மீட்டர் ஆழம் வைக்கிறார்கள். காவிரியில் ஆழத்துக்கு யார் உத்தரவாதம்? பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர்வரத்து குறைந்தால், நேற்றுப் பத்தடி ஆழத்தில் இருந்த பாறை இன்று மூன்றடியில் இருக்கும், கலங்கல் நீரில் கண்ணுக்கும் தெரியாது. அருவியடியில் வெள்ளையாய் நுரைக்கும் தண்ணீர் அடியை ஓரளவு மெதுவாக்கும் என்பது உண்மை. ஆனால் காற்று கலந்த அந்த நீர் உடலை மிதக்கவிடாது, கைவீச்சுக்கும் பிடி கொடுக்காது. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கைவிட்ட கல் குவாரிகளில் வேறு தொல்லை: நீருக்கடியில் வெட்டுத்திட்டு இருக்கும், நான்கு பக்கமும் செங்குத்துச் சுவர், ஏறிவரப் படியிருக்காது.

கடைசியாக, விழுந்தவரிடம் நாம் செய்வது. கையைக் காலை இழுத்து உட்காரவைப்பது, சோடா கொடுப்பது, பைக்கில் இருவருக்கு நடுவே வைத்துக் கொண்டுபோவது எல்லாமே முதுகெலும்பு முறிந்திருந்தால் அவரைக் கெடுக்கும் வேலைகள். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். ரத்தம் வந்தால் துணிவைத்து அழுத்துங்கள். அறுவை தேவைப்படலாம், தண்ணீர்கூட வேண்டாம். ஒருவர் தலையை அசையாமல் இரு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும். வாந்தி எடுத்தால், தலை, தோள், இடுப்பு மூன்றையும் ஒரே கட்டையாக மூன்று பேர் சேர்ந்து ஒருக்களிக்க வேண்டும். 108 வரும்வரை நிழலுக்குக்கூட நகர்த்த வேண்டாம். வெயில் அடித்தால் நான்கு பேர் வேட்டியை விரித்துப் பிடித்து, நிழலை அவரிடம் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
உயரப் பணிப் பாதுகாப்புப் பயிற்றுநர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.