ஆண்டறிக்கை: கவிஞர் மெர்வினை வாசித்த ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவில் கூடியிருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் வாசகர் வட்டத்தின் 2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைத் தங்கள் முன் வைக்கிறேன்.

ஆண்டு முழுவதும் ஒரே கவிஞரை வாசிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, அமெரிக்கக் கவிஞர் டபிள்யூ. எஸ். மெர்வினின் படைப்புகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. இயற்கைக் கவிஞர் என்றதும் நினைவுக்கு வரும் பெயர்கள் பல இருக்க, இவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டனர். இயற்கையின் அழிவைப் பற்றி எழுதியதோடு நில்லாமல், பாழ்பட்டுக் கிடந்த ஒரு நிலத்தை வாங்கி, ஏறக்குறைய நாற்பதாண்டுக் காலம் அதில் மரம் வளர்த்தவர் என்பதே செயற்குழுவின் விடை.

மெர்வின் 1927 செப்டம்பர் 30 அன்று நியூயார்க்கில் பிறந்தார். தந்தை பிரெஸ்பிட்டேரியன் திருச்சபைப் போதகர். அவருக்காகத் துதிப்பாடல்கள் எழுதியதுதான் சிறுவயது மெர்வினின் முதல் எழுத்து முயற்சி. பிரின்ஸ்டனில் படித்தார், 1952இல் வெளியான முதல் தொகுப்பை யேல் பல்கலைக்கழகத்தின் இளங்கவிஞர் நூல் வரிசைக்குத் தேர்ந்தெடுத்தவர் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன். ஸ்பானிஷ், பிரெஞ்சு, இத்தாலியக் கவிதைகளை ஏராளமாக மொழிபெயர்த்தார். உருதுக் கவிஞர் காலிப்பின் கஜல்களை ஆங்கிலத்தில் ஆக்கிய கவிஞர்களில் இவரும் ஒருவர் என்பது உறுப்பினர்கள் பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது.

1967இல் வந்த 'தி லைஸ்' தொகுப்புக்கு மற்ற நூல்களைவிட அதிக நேரம் ஒதுக்கினோம். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த காலத்தில் எழுதப்பட்ட இக்கவிதைகளில் பெரும்பாலானவற்றில் கமாவும் இல்லை, முற்றுப்புள்ளியும் இல்லை. முதல் கூட்டத்தில் உரக்க வாசித்த உறுப்பினர், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் தடுமாறினார். மறுபடியும் வாசித்தபோது மூச்சே நிறுத்துமிடங்களைக் காட்டிக்கொடுத்தது. அச்சில் பார்த்துப் படிப்பதற்கு முன் காதால் கேட்க வேண்டிய கவிதைகள் இவை என்பது என் கருத்து. அத்தொகுப்பில், மறைந்துகொண்டிருக்கும் சாம்பல் நிறத் திமிங்கிலத்தை நோக்கிப் பேசும் கவிதை ஒன்று உண்டு. மனிதர்களாகிய நாங்களே முக்கியமானவர்கள் என்று போய்ச் சொல் என அது முடியும்போது, அந்தப் பெருமிதமே நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறது. 1971இல் புலிட்சர் பரிசு கிடைத்தபோது, போரை எதிர்த்து, பரிசுப் பணத்தைத் தாம் வைத்துக்கொள்ள மறுத்தவரும் இவரே.

1976இல் ஹவாய்க்குச் சென்ற மெர்வின், மாவி தீவின் வடகரையில், அன்னாசிச் சாகுபடியால் மேல்மண்ணை இழந்திருந்த சரிவு நிலத்தை வாங்கினார். சரிவுக்குக் குறுக்கே உழாமல் மேலிருந்து கீழாக உழுததால், மழை வந்தபோதெல்லாம் மண் அடித்துச் செல்லப்பட்டிருந்தது. தீவின் பூர்விக மரங்களை முதலில் நட்டுப் பார்த்தார். வளமிழந்த மண்ணில் அவை எளிதில் பிடிக்கவில்லை. பின்னர் தென்னை, பனை, கமுகு ஆகியவை அடங்கிய குடும்பத்து மரங்களைப் பல நாடுகளின் விதைகளிலிருந்து முளைக்கவைத்து, மழைக்காலத்தில் நாளுக்கொன்றாக நட்டுவந்தார். காலையில் எழுத்து, பிற்பகலில் தோட்டம் என்பதே அவர் நாளாயிற்று. வீட்டுக்கு வேண்டிய மின்சாரத்தைச் சூரிய ஒளியிலிருந்தும், தண்ணீரைக் கூரையில் பெய்யும் மழையிலிருந்தும் பெற்றார். இன்று சுமார் 19 ஏக்கரில் 400க்கும் மேற்பட்ட இனங்களைச் சேர்ந்த 2,700க்கும் அதிகமான மரங்கள் அங்கே நிற்கின்றன. அவற்றுள் பிறந்த மண்ணில் அருகிப்போன இனங்களும் உண்டு. அவரும் மனைவி பவுலாவும் 2010இல் தொடங்கிய அறக்கட்டளை இத்தோப்பைப் பராமரிக்கிறது.

1988இல் வெளிவந்த 'தி ரெயின் இன் தி ட்ரீஸ்' தொகுப்பை இப்பின்னணியோடு வாசித்தோம். உலகின் கடைசி நாளில் ஒரு மரம் நட விரும்புவதாகக் கூறும் அவருடைய புகழ்பெற்ற கவிதை இதில்தான் உள்ளது. கனிக்காக அல்ல என்று அவரே அதில் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். நாள்தோறும் குழி தோண்டியவர் எழுதியது என்று தெரிந்தபின், அவ்வரியை வெறும் அழகிய கற்பனையாகக் கொள்ள முடியவில்லை. விமர்சகர்கள் அவர் கவிதையையும் தோட்டத்தையும் தனித்தனியே பேசுவது எனக்கு உடன்பாடில்லை. இரண்டும் ஒரே பணிதான்.

2009இல் இரண்டாம் புலிட்சர் பரிசும், 2010இல் அமெரிக்காவின் அரசவைக் கவிஞர் பொறுப்பும் அவரைத் தேடி வந்தன. இறுதி ஆண்டுகளில் பார்வை மங்கியபோதும் கவிதைகளைச் சொல்லி எழுதவைத்தார். 2017இல் பவுலா காலமானார். மெர்வின் 2019 மார்ச் 15 அன்று மாவியில் தம் இல்லத்தில் மறைந்தார். ஆண்டுதோறும் தம் மரண நாளை அறியாமலே கடந்துசெல்வதைப் பற்றி அவர் 'தி லைஸ்' தொகுப்பில் எழுதிய கவிதையை மார்ச் மாதக் கூட்டத்தில் வாசித்தோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். கூட்ட அரங்கம் தந்துதவிய நூலகத்தாருக்கும் மொழிபெயர்ப்புகளைத் தட்டச்சு செய்து தந்த இளம் உறுப்பினர்களுக்கும் நன்றி.

ஹவாய் மக்களின் வரலாற்றைப் பாடும் அவருடைய நெடுங்கதைக் கவிதை 'தி ஃபோல்டிங் கிளிஃப்ஸ்' நம் வாசிப்பில் பாதியில் நிற்கிறது. அதை முடிக்க வரும் ஆண்டின் முதல் காலாண்டுக் கூட்டங்களை ஒதுக்கித் தருமாறும், இவ்வறிக்கைக்கு ஒப்புதல் வழங்குமாறும் பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்