சனிக்கிழமை மேளத்துக்கு உங்கள் மண்டகப்படி: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

வருகிற ஆவணி முதல் சனிக்கிழமை நம் மந்தைத் திடலில் மறுபடியும் நையாண்டி மேளம் தொடங்க வேண்டும். இரண்டு வருஷமாக நீங்கள் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்துவருகிற நிகழ்ச்சிதான். சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பித்து ஒன்பது மணிக்கு முடிக்கிறோம். டிக்கெட் கிடையாது, இனியும் இருக்காது. மூன்றாவது வருஷச் செலவுக்கு உங்களிடம் கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

ஏன் ஆவணியில் தொடங்கித் தையில் முடிக்கிறோம் என்று வெளியூரில் இருக்கும் நம் ஆட்கள் சிலர் கேட்டார்கள். பங்குனி பிறந்துவிட்டால் சங்கரன்கோவில் வட்டாரத்து மேளக்காரர்களைக் கையில் பிடிக்க முடியாது. ஊருக்கு ஊர் அம்மன் கோயில் கொடைவிழா, பொங்கல், அப்புறம் ஆடித்தபசு. ஒரு கொடையில் விடிய விடிய வாசித்துவிட்டு வேனிலேயே தூங்கி அடுத்த ஊரில் இறங்குவார்கள். ஆடி முடிந்ததும் போன் அடிப்பது நின்றுவிடும். நடுவில் குலசை (குலசேகரன்பட்டினம்) தசரா பத்து நாள் கைகொடுக்கும். மற்றபடி தை வரைக்கும் வீட்டு அடுப்பு எரிய வேறு வேலைதான் பார்க்க வேண்டும். பெண்கள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார்கள், ஆண்கள் கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறார்கள்.

இதில் என்ன கெடுதல், உழைத்துச் சாப்பிடுவது நல்லதுதானே என்று தோன்றலாம். நம் மேளத்தின் பெரிய தவில்காரர், இந்த நிகழ்ச்சி தொடங்கும் முன் ஒருநாள், தன் வலது கையை எங்களிடம் விரித்துக் காட்டினார். விரல் நுனியெல்லாம் சிமெண்டில் வெந்து தோல் உரிந்திருந்தது. தவிலின் வலந்தலையை வெறும் விரலால் வாசிப்பதில்லை. துணியைப் பசையில் தோய்த்து, விரலில் சுற்றிக் காயவைத்துக் கல்லு மாதிரி ஆக்கிய கூடுகளை மாட்டிக்கொண்டு வாசிப்பார்கள். புண்ணான விரலில் கூடு ஏறாது, ஏற்றினாலும் ஒரு தீர்மானம் (வாசிப்பை முடிக்கும் தாளக் கோவை) முடிவதற்குள் ரத்தம் வந்துவிடும். நாற்பது வருஷம் பழகிய கை அது. "கலவை போட ஆயிரம் கை கிடைக்கும்யா" என்றார். அன்றைக்குத்தான் இந்தக் குழு உருவானது.

நையாண்டி மேளம் என்றால் நாதசுரம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை, தமுக்கு, தாளம். ஆக ஏழு பேர். கூடவே கரகம் எடுக்கும் அக்காமார் இரண்டு பேர். மேடை போடுவதில்லை. மண்ணில் நின்று வாசித்தால்தான் அவர்களுக்கும் சுற்றிச் சுழல இடம் இருக்கும், நமக்கும் பக்கத்தில் இருந்து பார்க்க முடியும். நாதசுரக்காரர் ஆரம்பிக்கும் முன், ஊதுகிற முனையில் மாட்டும் சீவாளியை வாயில் வைத்து எச்சிலில் ஊறவிட்டு, ஒரு தடவை ஊதிப் பார்த்து, சரியில்லை என்றால் கயிற்றில் தொங்கும் அடுத்ததை எடுத்து மாட்டுவார். சின்னப் பிள்ளைகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அம்மன் பாட்டில் தொடங்கும், நடுவில் சினிமாப் பாட்டும் வரும். கடைசி அரைமணி நேரம் இரண்டு தவிலும் எதிரெதிரே நின்று மாறி மாறி வாசிக்கும்போது, பம்பை குறுக்கே புகுந்து இரண்டையும் சீண்டும். போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை அந்த நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஆளுக்கு ஒரு செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தார்கள், மைக் இல்லாமலேயே வாசித்து முடித்தார்கள். எங்களைக் கேட்டால் இரண்டு வருஷத்தில் அதுதான் ஆகச் சிறந்த வாசிப்பு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கரகாட்டம் என்றால் இரட்டை அர்த்தப் பேச்சு என்று பல குடும்பங்கள் ஒதுங்கிப்போன காலம் உண்டு. அந்தப் பேச்சைக் கலைஞர்கள் விரும்பிப் பேசவில்லை, கூட்டத்தில் கேட்டவர்களுக்காகப் பேசினார்கள். இங்கே கேட்பவர் யாரும் இல்லை, அதனால் அது இல்லை. தலையில் கரகம் அசையாமல் இருக்க, குனிந்து கண்ணிமையால் ஊசி எடுக்கும் வித்தைக்கு இங்கே கைதட்டல் விழுகிறது. முன்வரிசை முழுக்கப் பெண்களும் பிள்ளைகளும்தான்.

கல்யாண ஊர்வலத்துக்குச் செண்டை மேளம் வைப்பது நம் பக்கமும் வழக்கமாகிவிட்டது. அந்தக் கலைஞர்களும் வியர்வை சிந்திச் சம்பாதிப்பவர்கள், அவர்கள் மேல் வருத்தம் இல்லை. ஆனால் நம் வீட்டு விசேஷத்தில் நம் ஊர் மேளத்துக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அரசு 2007-இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அமைத்தது. வாரிய அட்டை இல்லாத நம் கலைஞர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் வேலையையும் குழு செய்துவருகிறது. ஆனால் வாராவாரம் சம்பளம் என்பது ஊர் கொடுத்தால்தான் உண்டு.

கணக்கு இதுதான். மேளக்காரர் ஏழு பேருக்குத் தலா 800 ரூபாய், கரகக் கலைஞர் இருவருக்குத் தலா 1,000, மைக்குக்கும் விளக்குக்கும் 900, டீ வடைக்கு 500. ஒரு சனிக்கிழமைக்கு 9,000 ரூபாய். தசரா சமயம் நீங்கலாக 25 சனிக்கிழமைகளுக்கு 2,25,000. தவிலுக்கும் பம்பைக்கும் தோல் மாற்ற, சீவாளி வாங்க 25,000. ஐப்பசி ஈரத்தில் தோல் தொய்ந்துபோவதை நீங்களே கேட்டிருப்பீர்கள். ஆக மொத்தம் 2,50,000. போன வருஷ மிச்சம் 62,000 கையில் இருக்கிறது. இன்னும் 1,88,000 ரூபாய் வேண்டும்.

போன ஐப்பசியில் மூன்று சனிக்கிழமை மழை கொட்டியது. கலைஞர்கள் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார்கள், நிகழ்ச்சி நடக்கவில்லை. பாதிச் சம்பளம்தான் கொடுக்க முடிந்தது. இது எங்களை இன்னும் உறுத்துகிறது. இந்த வருஷம் மழை வந்தாலும் வந்தவர்களுக்கு முழுச் சம்பளம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

திருவிழாவில் மண்டகப்படி ஏற்பதுபோல ஒரு சனிக்கிழமையின் செலவை உங்கள் குடும்பத்தின் பேரில் ஏற்றுக்கொள்ளலாம். பிறந்தநாள், அப்பா அம்மா நினைவுநாள் என்று எந்த வாரம் வேண்டுமோ சொல்லுங்கள், அன்றைக்கு மைக்கில் உங்கள் பேர் சொல்லித் தொடங்குவோம். தனியாக முடியாவிட்டால் நாலு வீடு சேர்ந்து ஏற்கலாம். ஒரு கலைஞரின் ஒருநாள் சம்பளமாக 800 கொடுக்கலாம். நூறு ரூபாய்க்கும் ரசீது உண்டு. திருப்பூர், சென்னை, மும்பை என்று போயிருப்பவர்கள் திடலில் வைத்துள்ள க்யூஆர் தட்டியின் படத்தை வீட்டில் கேட்டு வாங்கிப் பணம் அனுப்பலாம். எங்கள் குழு பதிவு பெற்ற அறக்கட்டளை இல்லை, அதனால் வருமான வரி விலக்கு ரசீது தர இயலாது. வரவு செலவை மாதக் கடைசிச் சனிக்கிழமை திடலிலேயே வாசிக்கிறோம்.

ஆடி முடிவதற்குள் கொடுத்துவிட்டால் கலைஞர்களுக்கு முன்பணம் தந்து தேதியை உறுதி செய்ய வசதியாக இருக்கும். நாதசுரக்காரரின் மகன், ஒன்பதாம் வகுப்புப் பையன், இந்தத் தடவை முதல் வாரம் தாளம் போட நிற்கிறான். கொஞ்சம் முன்னாடியே வந்து முன்வரிசையில் உட்காருங்கள்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள் சார்பில்,
சனிக்கிழமை மேளக் குழுவினர்